அஞ்சு நிமிஷ வேலைதானே, பாப்பா

வியாழக்கிழமை இரவு 11:40. வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு, நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி. முதல் மூன்று நிமிடம் கிரைண்டர் சத்தம். அப்புறம்தான் விஷயம்.

“பாப்பா, வெப்சைட்டு ரெடி ஆயிருச்சு. அக்கா மகன் ஏஐயில பத்து நிமிஷத்துல செஞ்சிட்டான். ஆர்டர் மட்டும் வர மாட்டேங்குது. கலரு சரியில்லன்னு நெனைக்கிறேன். நீ கொஞ்சம் பாத்து அழகுபடுத்திக் குடு. அஞ்சு நிமிஷ வேலைதானே.”

இதைக் கேட்டு வயிறு எரியாத டிசைனர் இந்தக் கோலாலம்பூரில் யாராவது இருந்தால் சொல்லுங்கள், வந்து காலில் விழுகிறேன்.

செந்தூலில் கேட்டரிங் நடத்தும் அங்கிள் இவர். கல்யாணம், புதுமனை, கருமாதி எல்லாவற்றுக்கும் இவர் சமையல்தான். தீபாவளி நெருங்கினால் அச்சு முறுக்கும் நெய் உருண்டையும் டின் டினாகப் போகும். கைமணத்தில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் மார்ச் மாதம் நான் 2,800 வெள்ளி (ரிங்கிட்) என்று விலை சொன்னபோது, “அந்தக் காசுக்கு ரெண்டு ஆடு வாங்கிருவேன்மா” என்று சிரித்தவரும் இவர்தான். சரி, ஆட்டை வாங்கட்டும் என்று வந்துவிட்டேன். இப்போது ஆடு என்னிடமே திரும்பி வந்திருக்கிறது, அதுவும் ஏஐ போட்ட ஆடு.

அன்று இரவே படுத்தபடி திறந்து பார்த்தேன். முதல் பக்கத்தில் பெரிய வாழை இலைச் சாப்பாட்டுப் படம். இலையின் நுனி சாப்பிடுகிறவருக்கு வலப்பக்கம். பந்தியில் உட்கார்ந்த ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், நுனி இடப்பக்கம் வரவேண்டும் என்று. இலை நடுவில் நான் ரொட்டி. இலைக்குப் பக்கத்தில் முள்கரண்டி. பின்னால் ஒரு கடைப் பெயர்ப்பலகை, அதில் தமிழ் மாதிரியே சுழிசுழியாக ஏதோ இருக்கிறது, தமிழ் இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் எழுத்து, பக்கத்தில் போனால் ஜாங்கிரி. கேட்டரிங் கடை என்பதால் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று வேண்டுமானால் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம்.

மேலே மெனுவில் ஆங்கிலத்தை அப்படியே மொழிபெயர்த்து வைத்திருக்கிறது. ‘ஹோம்’ என்பதற்கு ‘வீடு’. அடுத்து ‘பற்றி’. எதைப் பற்றி என்று யாரும் கேட்கக்கூடாது. அதற்கடுத்து ‘புக் நவ்’ என்பதற்கு ‘இப்போது புத்தகம்’. கல்யாணத்துக்கு முன்பதிவு செய்ய வேண்டுமென்றால் இதைத்தான் அழுத்த வேண்டுமாம். கீழே ‘மட்டன் பிரட்டல், வண்டியில் சேர்’. அங்கிளிடம் ஒரு பழைய லாரி இருக்கிறது, ஒருவேளை அதில்தானோ?

தலைப்பில் தீபாவளிக்குத் தலையையே சீவிவிட்டார்கள். அந்த டெம்ப்ளேட்டின் வரி உயரம் ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அளந்து வைத்தது. நம் எழுத்தோ மேலேயும் கீழேயும் கைகால் நீட்டிப் படுக்கிற ஜாதி. ‘தீ’யின் மேல்சுழி அதற்குள் அடங்காமல் வெட்டுப்பட்டு, ‘திபாவளி சிறப்புத் தள்ளுபடி’ என்று நிற்கிறது. அந்தச் சுழி எத்தனை புள்ளி மேலே ஏற வேண்டும் என்று ஒரு மனுஷன் உட்கார்ந்து அளந்திருக்கிறான் ஐயா! முத்து நெடுமாறன் இந்த நாட்டுக்காரர்தானே. 1985-இல் தமிழ் எழுதும் மென்பொருளான முரசு அஞ்சலைத் தொடங்கினார், மேக் கணினியோடு வருகிற இணைமதி எழுத்துருவும் அவர் செய்ததுதான். இன்றைக்கு நாம் எழுத்துப் பெட்டியைத் திறந்து சும்மா தட்டினால் தமிழ் வருகிறது என்றால், அதற்குப் பின்னால் இப்படிப்பட்டவர்களின் எத்தனையோ வருடம் இருக்கிறது. அதைப் பத்து நிமிஷத்தில் கழுத்தோடு வெட்டிவிட்டு ‘ரெடி ஆயிருச்சு’ என்றால் கோபம் வருமா வராதா?

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. நேற்று நடந்தது வேறு.

‘வந்து நேர்ல பாரும்மா’ என்றார், போனேன். சமையல்கூடத்துக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் மேசை, அதன் மேல் வெங்காயத் தோல். தே ஓ, அதாவது பால் இல்லாத தேநீர், ஒன்று வந்தது. அங்கிள் கைப்பேசியை நீட்டி, “சிவப்பைக் கொஞ்சம் கூட்டு” என்றார். இருங்கள் அங்கிள், முதலில் நானே ஒரு ஆர்டர் போட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

அச்சு முறுக்கு நாலு டின், வண்டியில் சேர். சேர்ந்தது. பெயர் அடித்தேன், ஏற்றுக்கொண்டது. தொலைபேசி எண் அடித்தேன். என் எண் 011-இல் தொடங்கும். பத்தாவது இலக்கத்தோடு பெட்டி நின்றுவிட்டது. பதினோராவது இலக்கத்தை அழுத்துகிறேன், அசையவில்லை. அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். நின்றது. மூன்றாவது தடவை நிதானமாக, ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லி அடித்தேன். கீழே சிவப்பில் ‘சரியான எண்ணை உள்ளிடவும்’ என்றது. நான் பொய் சொல்கிறேனாம்!

“நீ தப்பா அடிக்கிற,” என்றார் அங்கிள். கைப்பேசியை வாங்கித் தன் 012 எண்ணைத் தட்டினார். பத்து இலக்கம், ஒழுங்காக உட்கார்ந்தது. “பாத்தியா? சரியாத்தான் இருக்கு. உன் போன்லதான் ஏதோ ப்ராப்ளம்.”

போன் அவருடையது. எண் மட்டும்தான் என்னுடையது. சொல்லிப் பார்த்தேன், ஏறவில்லை.

அரிசி கழுவிக்கொண்டிருந்த ஆன்ட்டியைக் கூப்பிட்டேன். அவர் எண்ணும் 011. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து அடித்தார். நின்றது. “உன் போனும் கெட்டுப்போச்சு,” என்றார் அங்கிள். பாத்திரம் தேய்க்கும் தம்பி வந்தான், அவனுக்கும் 011. நின்றது. எதிர்வீட்டு அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தார், அவரையும் பிடித்து உட்கார வைத்தேன். அவருக்கு 016, போயிற்று. அங்கிள் முகத்தில் ஒரு வெற்றிப் புன்னகை. “அப்ப பாதிப் பேருக்கு வேலை செய்யுது!”

பாதிப் பேருக்கு.

இந்த நாட்டில் 012, 016 என்றால் பத்து இலக்கம், 011 என்றால் பதினொன்று. ரோட்டோரத்தில் டாப்-அப் விற்கிற பையனுக்குத் தெரியும் இது. அந்தக் கருவி எடுத்துக்கொண்டது அமெரிக்கப் படிவம், அங்கே பத்தோடு கணக்கு முடிந்தது. அக்கா மகனுக்கு 012. அவன் தன் எண்ணைப் போட்டுச் சோதித்திருக்கிறான், போயிருக்கிறது, ரெடி ஆயிருச்சு. மூன்று வாரமாக 011 வைத்திருக்கிற ஒவ்வொரு வாடிக்கையாளரும் வந்து, திட்டு வாங்கி, திரும்பிப் போயிருக்கிறார்கள். இவர் சிவப்பைக் கூட்டச் சொல்கிறார்.

அத்தோடு விட்டதா? எதிர்வீட்டு அக்காவின் எண்ணை வைத்தே அடுத்த பெட்டிக்குப் போனோம். மாநிலம் என்ன என்று கேட்டது. பட்டியலைத் திறந்தால் முதல் பெயர் அலபாமா, கடைசிப் பெயர் வயோமிங். நடுவில் சிலாங்கூர் இல்லை, பினாங்கு இல்லை, கூட்டரசுப் பிரதேசமும் இல்லை. “ஏதாவது ஒண்ணப் போடு லா,” என்றார் அங்கிள். அலபாமாவைப் போட்டோம். அஞ்சல் குறியீட்டுக்கு 51100 என்று அடித்தால் அழகாக ஏற்றுக்கொண்டது, இரண்டு நாட்டிலும் ஐந்து இலக்கம்தானே. ஏற்றுக்கொண்டதோடு நில்லாமல் பக்கத்திலிருந்த வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியையும் வைத்தது. செந்தூலில் இல்லை. அமெரிக்காவில் 511 என்று தொடங்கினால் அது அயோவா மாநிலத்துச் சூ சிட்டி. அச்சு முறுக்கு நாலு டின், செந்தூலிலிருந்து சூ சிட்டிக்கு. நொறுங்காமல் போய்ச் சேரட்டும்.

அந்தப் பக்கத்தின் அடியில் ஏதோ எழுதியிருந்தது. ஆன்ட்டி கண்ணாடியை மூக்கில் இறக்கி, ஏற்றி, கைப்பேசியைத் தள்ளி, கிட்டே கொண்டுவந்து எல்லாம் பார்த்துவிட்டு, “ஒண்ணும் தெரியலம்மா” என்றார். சந்தன நிறத்தில் தங்க எழுத்து. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 வேறுபாடு இருக்க வேண்டும் என்று உலகத்துக்கே பொதுவாக ஒரு விதி எழுதி வைத்திருக்கிறார்கள். இது கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துப் பழகிய அழகு. கல்யாணத்துக்குச் சாப்பாடு சொல்கிறவர்கள் யார்? ஆன்ட்டி வயதுக்காரர்கள்!

கருவியை மட்டும் திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். நானும் பயன்படுத்துகிறேன். படத்தின் பின்னணியை வெட்ட, முதல் வரைவு போட, புரோகிராம் கோடில் பிழை தேட. எனக்கு எரிச்சல் ‘இனிமேல் நீங்களெல்லாம் எதுக்கு’ என்கிற அந்தப் பார்வைமேல்தான். எத்தனை தடவை பார்த்தாயிற்று. வெப்சைட் செய்கிற மென்பொருளான பிரண்ட்பேஜ் காலத்தில் சொன்னார்கள். 1997-இல் டிரீம்வீவர் வந்தது. 2003-இல் வேர்ட்பிரஸ், 2006-இல் விக்ஸ். ஒவ்வொன்றுக்கும் எங்கள் தொழிலுக்குப் பாடை கட்டினார்கள். 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு கருமாதிச் சோறே போட்டுவிட்டார்கள், கேட்டரிங் யார் என்றுதான் தெரியவில்லை. செத்தவளை இரவு 11:40-க்கு எழுப்பி அழகுபடுத்தச் சொல்கிறார்கள் பாருங்கள், அதுதான் புரியவில்லை.

அப்புறம் அந்தச் சந்தா. மாதாமாதம் அமெரிக்க டாலரில் போகிறதாம். எந்தக் கார்டில் என்று அங்கிளுக்குத் தெரியாது. அக்கா மகனுக்கு மறந்துவிட்டது. அவன் இப்போது ஜொகூரில் படிக்கிறான், கூப்பிட்டால் எடுப்பதில்லை. ரெண்டு ஆட்டின் காசு எந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருக்கிறதோ.

சரி, மேசையில் வெங்காயத் தோலை ஒதுக்கிவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். நாட்டை மலேசியா என்று மாற்றினேன், மாநிலப் பட்டியல் தானாக மாறியது. எண் பெட்டியின் நீளத்தைக் கூட்டினேன். ‘தீ’க்குச் சுழியைத் திருப்பிக் கொடுத்தேன். தங்க எழுத்தைக் கருப்பாக்கினேன். என் எண்ணை மறுபடி அடித்தேன், பதினொன்றும் உள்ளே போயிற்று. ஆன்ட்டி கை தட்டினார்.

அங்கிள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“பாத்தியா? நான் சொன்னேன்ல. அஞ்சே நிமிஷம்.”

உண்மையிலேயே ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. கண்டுபிடிக்க ஆன ஒன்றரை மணி நேரம் அவர் கணக்கில் தே ஓ குடித்த நேரம். எனக்கு என்ன சொல்வது என்றே தெரியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் சிரித்தேன். அவரும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல். ஐம்பது வெள்ளியைக் கையில் திணித்து, ஒரு டின் அச்சு முறுக்கும் கொடுத்து, “சிவப்பு மட்டும் மறந்துட்டியே” என்றார்.

வெளியே வந்தால் காரில் சமன், பார்க்கிங் அபராதச் சீட்டு. பார்க்கிங் காசைச் செயலியில் கட்டிவிட்டுத்தானே உள்ளே போனேன்? திறந்து பார்க்கிறேன், கட்டவே இல்லை. ‘உறுதிசெய்’ பொத்தான் கீபோர்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கிறது, கீபோர்டை இறக்கினால்தான் கண்ணில் படுகிறது. இதை எந்த மடையன் டிசைன் செய்தான் என்று வாய்விட்டுக் கத்தினேன். எதிர்வீட்டு அக்கா திரும்பிப் பார்த்தார்.

பூட்ட மறந்த காருக்குள் உட்கார்ந்து டின்னைத் திறந்தேன். நாலு முறுக்கு தின்ற பிறகுதான் சாவியைத் தேடினேன். மேசையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.