அடிபம்புக்கு சென்சார்: சோதனையில் எதை அளக்கிறோம்?

ஆப்பிரிக்கக் கிராமங்களில் அடிபம்பு ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று செல்போன் சிம் வழியாகத் தகவல் அனுப்பும் சென்சாரை மாட்டும் திட்டங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், பேட்டரி எத்தனை வருடம் வரும், சிம் எந்த நெட்வொர்க், திரையில் பச்சைப் புள்ளி (ஓடும் பம்பு) எத்தனை, சிவப்பு (நின்ற பம்பு) எத்தனை என்றே போகிறது. நான் முதலில் கேட்பது ஒரே ஓர் எண்ணைத்தான். பம்பு நின்ற நாளிலிருந்து மறுபடி தண்ணீர் வரும் வரை எத்தனை நாள்?

ருவாண்டாவில் இதை ஒழுங்காக அளந்தார்கள். 2014-ல் 181 பம்புகளில் சென்சார் பொருத்தி மூன்றாகப் பிரித்தார்கள். முதல் பிரிவில் பராமரிப்பு வழக்கம்போல. இரண்டாவதில் மெக்கானிக் முறைவைத்துச் சுற்றிவந்தார். மூன்றாவதில் சென்சார் சொன்னதும் ஆம்புலன்ஸ் மாதிரி ஆள் கிளம்பினார். பழுது சரியாக ஆன காலம் (இடைநிலை அளவு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) முறையே சுமார் 152, 57, 21 நாள். கவனியுங்கள், சென்சார் மூன்று பிரிவிலுமே இருந்தது! தகவல் கிடைத்ததும் வண்டியைக் கிளப்ப ஆள் இருந்த இடத்தில்தான் 21. கென்யாவின் கியூசோவில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் கைப்பிடிக்குள் அசைவை உணரும் கருவியை வைத்தபோது பழுது சரியாக ஆகும் காலம் 27 நாளிலிருந்து 3 நாளுக்குள் வந்தது. அங்கேயும் பழுதுபார்க்கும் ஆட்கள் தயாராக இருந்தார்கள்.

இனி, சென்சார் எங்கே ஏமாறும் என்று பார்ப்போம். கைப்பிடிக்குள் வைக்கும் வகை எண்ணுவது கைப்பிடியின் அசைவை. சிலிண்டரில் வாஷர் தேய்ந்தாலோ கீழே பைப் இணைப்பு ஒழுகினாலோ ஒரு குடம் நிரம்ப இரண்டு மடங்கு அடிக்க வேண்டியிருக்கும். திரையில் பார்த்தால் பம்பு முன்னைவிட மும்முரமாக ஓடுவதாகத் தெரியும். மழைக்காலத்தில் நேர்மாறு. ஜனங்கள் மழைத்தண்ணீரைப் பிடித்துக்கொள்வார்கள், ஓடைக்குப் போவார்கள், பம்பை யாரும் தொட மாட்டார்கள். உடனே சிவப்புப் புள்ளி. நல்ல பம்பைப் பார்க்க இரண்டு முறை வெறுமனே போய்வந்த மெக்கானிக் மூன்றாவது எஸ்.எம்.எஸ்.ஸை மதிக்க மாட்டார். அதனால் கோடையும் மழையும் சேர்ந்த ஒரு முழு வருடம் ஓடாத சோதனையை நான் சோதனையாகவே எடுத்துக்கொள்வதில்லை.

சென்சார் சொல்வதைச் சரிபார்க்க ஒரு வாளி போதும். பம்பை அரை மணி நேரம் சும்மா விட்டுவிட்டு அடியுங்கள். ஐந்து அடிக்கு மேல் ஆகியும் தண்ணீர் வரவில்லையென்றால் அடிவால்வோ பைப்போ ஒழுகுகிறது. பிறகு விடாமல் நாற்பது அடி அடித்து, எத்தனை லிட்டர் என்று எழுதிவையுங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்து சென்சார் கணக்கோடு ஒட்டிப் பார்த்தால் எந்தச் சிவப்பு பொய், எந்தப் பச்சை பொய் என்று தெரிந்துவிடும்.

சோதிக்காமல் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த 'பிளே பம்ப்' இருக்கிறது. குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் தொட்டியில் தண்ணீர் ஏறும். 2006-ல் 1.64 கோடி டாலர் அறிவித்தார்கள், 2010-க்குள் 4,000 பம்பு என்றார்கள். ஒரு பிரிட்டிஷ் நாளிதழ் கணக்குப் போட்டது: ஒரு பம்பிலிருந்து 2,500 பேருக்கு ஆளுக்கு 15 லிட்டர் கிடைக்க, குழந்தைகள் நாளுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும். கடைசியில் பெண்கள்தான் கையால் தள்ளிச் சுற்றினார்கள். இந்தக் கணக்கைப் போட களத்துக்குக்கூடப் போக வேண்டாம், ஒரு துண்டுக் காகிதம் போதும்.

இந்தியாவில் உருவான 'இந்தியா மார்க் 2' அடிபம்பு வந்த வழி வேறு. 1970-களின் நடுவில் அதன் மாதிரிகளைக் கோயம்புத்தூர் பக்கம் வைத்துப் பார்த்தார்கள். நீர்மட்டம் ஆழம், நாள் முழுக்க அடிப்பார்கள், பம்புக்குக் கடினமான இடம் என்பதால்தான் அந்த ஊர். அப்படித் தேறிய பம்பும் மேற்கு ஆப்பிரிக்காவில் திணறியது. பி.எச். (புளிப்புத்தன்மையின் அளவு, குறைந்தால் புளிப்பு அதிகம்) 6.5-க்குக் கீழே இருக்கும் நிலத்தடி நீர் ஜி.ஐ. பைப்பை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை, அரித்தது. தண்ணீர் செம்பழுப்பாகி இரும்பு ருசி அடித்ததும் ஜனங்கள் பழையபடி குளத்துக்கே போனார்கள். சென்சார் அதைப் 'பயன்பாடு குறைவு' என்று மட்டும்தான் காட்டும். சோதனைக்கு முன்பே ஒவ்வொரு கிணற்றிலும் பி.எச். பார்ப்பதற்கு ஆகும் செலவு சொற்பம்.

பட்ஜெட்டில் நான் தேடுவது மூன்று வரிகள். திட்டம் முடிந்தபின் சிம்முக்கு யார் பணம் கட்டுவது? மெக்கானிக்கின் பெட்ரோல் யார் கணக்கில்? வாஷர், பேரிங், ராட் எல்லாம் எந்த ஊர்க் கடையில் கிடைக்கும்? இவை இல்லாத திட்டத்தில், சென்சாருக்கு ஒதுக்கிய பணத்தில் உதிரிபாகம் வாங்கி மாவட்டத் தலைநகரில் வைக்கச் சொல்வேன்.