ஏழு கோலும் ஒருத்தர் கணக்கிலா?

2025 டிசம்பர். சென்னையில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என்று தோற்றோம். மறுநாள் காலை டீக்கடையில் தீர்ப்பு ரெடி: "கோலி சரியில்லைய்யா, அஞ்சு விட்டுட்டான்." (விராட் இல்லை. எங்க ஊரில் கோல்கீப்பரும் கோலிதான்.) ரெண்டு நாளைக்கு முன்னால் பெல்ஜியத்தை ஷூட் அவுட்டில் (சமனான ஆட்டத்தில் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் கீப்பரை நேருக்கு நேர் எதிர்கொள்வது) ஜெயித்தபோது இதே பெஞ்சில்தான் கீப்பரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள்.

கோவில்பட்டியில் ஸ்கூல், கிளப் என்று ஆறு வருஷம் பேடு கட்டி ஹாக்கி கோலில் நின்றவன் நான். இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரே ஒரு ஸ்கோரை எடுத்துக்கொள்வோம். 1-7. 1982 டிசம்பர் 1, டெல்லி ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டி, எதிரே பாகிஸ்தான். பிரதமர் இந்திரா காந்தி நேரில் வந்து பார்த்த ஆட்டம். நம் கீப்பர் மீர் ரஞ்சன் நெகி. ஏழு கோலையும் அவர் தலையில் கட்டினார்கள். அது போதாதென்று காசு வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்தார் என்று பழி. துரோகி என்று பட்டம். அந்த மனுஷன் 1998-ல் பாங்காக்கில் தங்கம் வென்ற அணிக்குக் கீப்பர் பயிற்சியாளராக வந்து நின்றார். நடுவில் பதினாறு வருஷம்.

இன்னொரு 1-7. 2021 ஜூலை 25, டோக்கியோ ஒலிம்பிக், ஆஸ்திரேலியாவிடம். கோலில் நின்றவர் ஸ்ரீஜேஷ். சரியாகப் பதினோரு நாள் கழித்து ஜெர்மனியை 5-4 என்று ஜெயித்து, 41 வருஷத்துக்குப் பிறகு ஹாக்கியில் ஒரு ஒலிம்பிக் பதக்கம். அதே ஸ்ரீஜேஷ் கோல் கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்தார், நாடே கும்பிட்டது. அன்றைக்கும் அவர் நாலு கோல் வாங்கியிருந்தார் என்பதை யார் பேசினோம்? முடிய ஆறேழு விநாடி இருக்கையில் ஜெர்மனிக்குக் கிடைத்த பெனால்டி கார்னரை (கோலுக்கு முன்னால் உள்ள வட்டத்துக்குள் நாம் தப்பு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் வாய்ப்பு) அவர் தடுத்தது அபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் முன்னால் இருந்தவர்கள் 1-3 என்ற நிலையிலிருந்து மீண்டு ஐந்து கோல் அடித்திருக்காவிட்டால் அந்தத் தடுப்பு யார் ஞாபகத்தில் இருக்கும்?

பெனால்டி கார்னரில் உள்ளே நின்று பார்த்தால்தான் தெரியும். கீப்பரும் நாலு பேரும் கோல் கோட்டுக்குப் பின்னால் காத்திருக்கிறோம். பந்து தள்ளிவிடப்பட்டதும் ஒருத்தன் முகமூடியோடு ஃப்ளிக் அடிப்பவனை (பந்தை மட்டையால் இழுத்துக் கோலை நோக்கி வீசுபவனை) நோக்கி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவான். அவன் ஓடுகிற பாதைக்கு ஏற்றபடி கோலின் எந்தப் பக்கம் அவனுக்கு, எந்தப் பக்கம் எனக்கு என்று முன்பே பேசி வைத்திருப்போம். அவன் அரை அடி விலகி ஓடினால் கணக்கே மாறிவிடும். சில சமயம் நம்மவன் மட்டையிலேயே பட்டுப் பந்து கோலுக்குள் திரும்பும். அதைவிடக் கொடுமை, முதல் அடியைக் காலால் தடுத்துவிடுவேன், தெறித்த பந்தை ஒதுக்க ஒருத்தனும் இருக்க மாட்டான், எதிராளி நிதானமாக வந்து தள்ளிவிட்டுப் போவான். ஸ்கோர் போர்டில் எல்லாம் ஒரே மாதிரி 1 கோல்தான்.

ஆட்டத்தில் எத்தனை பெனால்டி கார்னர் கொடுத்தோம், எத்தனை முறை வட்டத்துக்குள் எதிரணி சும்மா நடந்து வந்தது என்று கேட்டுவிட்டு அப்புறம் கீப்பரிடம் வாருங்கள்.

புகழ்வதிலும் இதே குளறுபடி. 2024 பாரிஸ் ஒலிம்பிக் கால் இறுதியில் நம் தடுப்பாட்டக்காரர் அமித் ரோஹிதாஸுக்கு 17-வது நிமிஷமே சிவப்பு அட்டை. மீதி நேரம் முழுக்க பத்துப் பேர், பிரிட்டனுக்கு எதிராக 1-1. ஷூட் அவுட்டில் 4-2 என்று வென்றோம், எல்லாரும் அதைத்தான் பேசினார்கள். என்னைக் கேட்டால் ஸ்ரீஜேஷின் உண்மையான வேலை அதற்கு முந்தைய நாற்பத்துச் சொச்சம் நிமிஷம். ஷூட் அவுட் எட்டு விநாடி விளையாட்டு. பிரிட்டன்காரர் ஒருவர் வெளியே அடித்ததும் கீப்பர் கணக்கில்தான் சேர்ந்தது.

ஐஸ் ஹாக்கிக்காரர்கள் இதில் கொஞ்சம் தேவலை. வந்த ஷாட்டில் எத்தனை தடுத்தார் என்று சதவீதம் வைத்திருக்கிறார்கள். 2003-ல் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் பெரிய கோப்பையான ஸ்டான்லி கோப்பை இறுதியில் அனாஹெய்ம் அணி ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. ஆனாலும் பிளே ஆஃப் நாயகன் விருது அவர்கள் கீப்பர் ஜிகேருக்குத்தான். அங்கேயும் அணி ஜெயித்தால் கீப்பர் பெயரில் ‘வெற்றி’ என்று ஒன்று ஏற்றுவார்கள், அந்தக் கூத்து தனி.

என் கதை சின்னது. ஒரு மாவட்டப் போட்டியில் 0-3 என்று தோற்றோம். என் வாழ்க்கையிலேயே நான் நன்றாக ஆடிய ஆட்டம் அதுதான். வீட்டுக்கு வந்து இன்னும் காலுறையைக் கூடக் கழற்றவில்லை, திண்ணையிலிருந்து மாமா: "என்ன மாப்ள, மூணு விட்டுட்டியாமுல்ல?"

அடுத்த வாரம் 4-1 என்று ஜெயித்தோம். அந்த ஒரு கோல் எப்படி வந்தது தெரியுமா? மெதுவாக உருண்டு வந்த பந்து, ரெண்டு காலுக்கும் நடுவில் போய்விட்டது. பார்த்துக்கொண்டே நின்றேன். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராத்திரி கோச் எல்லாருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். எனக்கு ரெண்டு கூடுதல்.