அம்முகுடாவுக்கு ஒரு சைக்கிள் சிலை

எங்கள் அப்பா கால்பந்துப் பேச்சை எடுத்தால் மூன்று பெயர்களை ஒரே மூச்சில் சொல்லுவார். பி.கே. (பானர்ஜி), சுனி (கோஸ்வாமி), பாலராம். ஐம்பது, அறுபதுகளில் இந்திய அணிக்கு ஆடியவர்கள். எம்.ஜி.ஆர்., சிவாஜி, ஜெமினி என்று ஊரே மூவேந்தர் பாடிக்கொண்டிருந்த காலத்தில் அவருக்கு மூவேந்தர் இவர்கள்தான்.

இதில் பாலராமை நான் வெகுநாள் வங்காளி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆடியது கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்கு. வேலை பார்த்தது ரயில்வேயில், அதுவும் கொல்கத்தாவில். கடைசிவரை குடியிருந்தது ஹூக்ளி ஆற்றங்கரை ஊரான உத்தர்பாராவில். 2023 பிப்ரவரி 16 அன்று அவர் காலமானார். அப்போது வந்த குறிப்புகளைப் படிக்கும்போதுதான் தெரிந்தது, துளசிதாஸ் பாலராம் பிறந்தது செகந்திராபாத்தை ஒட்டிய அம்முகுடாவில் என்று. தமிழ்க் குடும்பம். அம்மா பெயர் முத்தம்மா. அந்தப் பெயரைப் படித்ததும் சொந்தக்காரர் வீட்டுத் துக்கச் செய்தி மாதிரி ஆகிவிட்டது எனக்கு. அப்பாவிடம் சொல்லலாம் என்றால் அப்பாவும் இல்லை.

அன்றிலிருந்து மனதில் கிடக்கிற விஷயத்தை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். அம்முகுடாவில் பாலராமுக்கு ஒரு சிலை வேண்டும். கொல்கத்தாவில் வைக்கட்டும், டெல்லியில் வைக்கட்டும், அதெல்லாம் தனி. நான் கேட்பது அவர் பிறந்து வளர்ந்த ஊரில்.

யார் இந்தப் பாலராம் என்று கேட்கிறவர்களுக்காகக் கொஞ்சம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா கால்பந்தில் நான்காவது இடம் பிடித்தது. அந்த அணியில் இருபது வயதுப் பையனாக இவர் இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரியோடு மோதினோம். பிற்பாடு ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய ஃப்ளோரியன் ஆல்பெர்ட் இருந்த ஹங்கேரி அது. 2-1 என்றுதான் நம்மை ஜெயிக்க முடிந்தது. நம் பக்கத்து ஒரே கோலை அடித்தவர் பாலராம்.

அப்புறம் 1962 ஜகார்த்தா. ஆசிய விளையாட்டுப் போட்டி. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோற்றுவிட்டோம். அடுத்து தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0. இரண்டிலும் பாலராம் கோல் அடித்தார். அரையிறுதியில் தென் வியட்நாமைத் தாண்டி, செப்டம்பர் 4 அன்று மறுபடி அதே தென்கொரியாவோடு இறுதி ஆட்டம். மைதானம் முழுக்க நமக்கு எதிராகக் கூச்சல். பி.கே. ஒன்று, தலையில் தையல் போட்டிருந்த ஜர்னைல் சிங் ஒன்று, 2-1 என்று தங்கம். கோல் காத்தது இன்னொரு செகந்திராபாத் தமிழர், பீட்டர் தங்கராஜ். ஆசியப் போட்டிக் கால்பந்தில் இந்தியா அதற்குப் பிறகு தங்கம் வாங்கவே இல்லை. அறுபது வருஷம் தாண்டிவிட்டது.

அடுத்த வருஷமே பாலராமின் ஆட்டம் முடிந்துபோனது. நுரையீரல் உறையில் நோய். 27 வயதில், ஒரு ஆட்டக்காரருக்குக் காலும் புத்தியும் சேர்ந்து வேலை செய்கிற வயதில், பூட்ஸைக் கழற்றி வைக்க வேண்டியதாயிற்று. மற்ற இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது, சுனிக்கு 1983-ல், பி.கே.வுக்கு 1990-ல். இவருக்குக் கடைசிவரை இல்லை. 1962-ல் கொடுத்த அர்ஜுனா விருதோடு சரி. திருமணம் செய்துகொள்ளாத மனிதர். ஆற்றைப் பார்த்த வீட்டில் தனியாக இருந்து 86 வயதில் போய்ச் சேர்ந்தார். மூன்று பேரை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு விருது கொடுக்கும்போது மட்டும் ஒருவரை விட்டுவிட்டதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

கொல்கத்தாவில் மரடோனாவுக்குச் சிலை இருக்கிறது. 2017 டிசம்பரில் அவரே வந்து திறந்து வைத்தார். அதே பகுதியில் 2025 டிசம்பரில் மெஸ்ஸிக்கு 70 அடி உயரத்தில் ஒன்று எழுந்தது. எனக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை. மரடோனாவைக் கொண்டாடுகிற ஊர் கால்பந்தை நேசிக்கிற ஊர். அதே நகரத்தின் மைதான் பகுதியில் கோஷ்ட பால் சிலையும் நிற்கிறது, ஆங்கிலேயர் காலத்தில் வெறுங்காலோடு தடுப்பாட்டம் ஆடிய மனிதர். ஆக, நம் ஆளுக்குச் சிலை வைக்கும் பழக்கம் நமக்குத் தெரியாதது அல்ல.

ஆனால் பிறந்த ஊரில் வைக்கிற சிலை வேறு ஜாதி. இங்கிலாந்தில் டட்லி என்று ஒரு ஊர். டங்கன் எட்வர்ட்ஸ் அந்த ஊர்ப் பையன். மான்செஸ்டர் யுனைடெட் அணி 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக்கில் விமான விபத்தில் சிக்கியதே, அதில் அடிபட்டு பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் போராடி, 21 வயதில் இறந்தவர். அதற்குள்ளேயே இங்கிலாந்துக்காக 18 ஆட்டம் ஆடியிருந்தார். அவருக்கு 1999-ல் டட்லி கடைத்தெருவில் வெண்கலச் சிலை வைத்தார்கள். திறந்து வைத்தது அவருடைய அம்மா. மகன் போய் நாற்பத்தொரு வருஷம் கழித்து. நான் அந்த ஊருக்குப் போனதில்லை, படம்தான் பார்த்திருக்கிறேன். பந்தை உதைக்கும் வேகத்தில் அந்தப் பையன் நிற்க, சந்தைக்கு வந்தவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்துபோகிறார்கள். அவர்களுக்கு அவன் உலகப் புகழ் ஆட்டக்காரன் என்பதெல்லாம் அப்புறம். முதலில் அவன் எங்கள் தெருப் பையன்.

சிலை என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நாம் வைக்கிற சிலைகளில் பாதி, ஆள் நேராக நிற்பார், கை ஒன்று உயர்ந்திருக்கும், முகம் யாருடையது என்று கீழே எழுதியிருப்பதைப் படித்தால்தான் தெரியும். ஓடிக்கொண்டே இருந்த மனிதரை இப்படி விறைப்பாக நிறுத்தினால் அது அவர் இல்லை. டாம் ஃபின்னிக்கு அவர் ஊரான பிரஸ்டனில் வைத்திருக்கும் சிலையைப் பாருங்கள். 1956-ல் மழைத் தண்ணீர் தேங்கிய மைதானத்தில் அவர் தண்ணீரை இரண்டு பக்கமும் சிதறவிட்டபடி பந்தோடு பாயும் புகைப்படம் ஒன்று உண்டு. சிற்பி அந்த நொடியை அப்படியே வெண்கலத்தில் பிடித்திருக்கிறார், தண்ணீர் உட்பட. அவ்வளவு தூரம் போவானேன், மெரினாவில் 1959-லிருந்து நிற்கிற உழைப்பாளர் சிலை போதாதா? நான்கு பேர் பாறையை நகர்த்துகிறார்கள். முதுகுத் தசை, ஊன்றிய கால் எல்லாவற்றிலும் பாரம் தெரிகிறது. பஸ்ஸில் போகும்போது ஒரு நொடி பார்த்தாலும் நமக்கே தோள் வலிக்கும். சிலை என்றால் அது.

அம்முகுடாவில் என்ன செய்யலாம்? பாலராமே பேட்டிகளில் சொன்ன ஒரு விஷயம் இருக்கிறது. ஹைதராபாத்தில் சையது அப்துல் ரஹீம் என்ற மகா பயிற்சியாளர், பள்ளி ஆசிரியர், இந்தப் பையனின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் பயிற்சிக்கு வரச் சொல்கிறார். அம்முகுடாவிலிருந்து செகந்திராபாத்தையும் ஹுசைன் சாகர் ஏரியையும் தாண்டித்தான் ஹைதராபாத். போய் வரக் காசில்லை என்று பையன் சொல்கிறான். ரஹீம் சாகிப் வாடகை சைக்கிளுக்குப் பணம் கொடுக்கிறார். அப்படிச் சைக்கிள் மிதித்துப் போய் ஆடிய பையன்தான் ஹைதராபாத் அணிக்குள் வந்தான், மாநிலங்களுக்கிடையே நடக்கிற சந்தோஷ் டிராபியை வாங்கினான், இந்திய அணிக்குப் போனான். அவருடைய முதல் பூட்ஸ்கூட பழைய போலீஸ் பூட்ஸிலிருந்து செருப்புத் தைப்பவர் ஒருவர் செய்துகொடுத்ததாம்.

எனக்கு அந்தச் சைக்கிள்தான் சிலை. ஜகார்த்தாவில் தங்கப் பதக்கத்தோடு நிற்கிற பாலராம் நாட்டுக்குச் சொந்தம். ஈஸ்ட் பெங்காலின் சிவப்பும் மஞ்சளும் போட்ட பாலராம் கொல்கத்தாவுக்குச் சொந்தம். அம்முகுடாவுக்குத் தெரிந்தவன், காலையில் பூட்ஸை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுக்கொண்டு, எழுந்து நின்று பெடலை மிதித்துப் போன ஒல்லிப் பையன். அவனை வையுங்கள். இடமும் நான் யோசித்து வைத்திருக்கிறேன். அம்முகுடாவில் ரயில் நிலையம் இருக்கிறது, செகந்திராபாத்திலிருந்து பொல்லாரம் போகும் தடத்தில். அங்கே வெளிவாசல் பக்கம் வைக்கலாம். ஊருக்குள் வருகிற எல்லோர் கண்ணிலும் படும்.

தமிழ்நாட்டுக்காரர்கள் நாம் சும்மா ஆசைப்பட்டால் மட்டும் போதாது, ஏதாவது செய்யவும் வேண்டும். சுவாமிமலை நம்மிடம் இருக்கிறது. மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிற கை தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்கிறது. மெழுகு உருவம் தயாரானதும், வார்ப்பதற்கு முன்னால், பாலராமை நேரில் பார்த்த ஹைதராபாத் பழைய ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். மூக்கு சரியில்லை, தோள் இவ்வளவு அகலம் கிடையாது என்று அவர்கள் சொல்லட்டும். மெழுகில் திருத்தலாம். வெண்கலத்தில் திருத்த முடியாது.

“சிலைக்குப் போடுகிற காசில் ஒரு மைதானம் சரிபண்ணலாமே” என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மைதானமும் வேண்டும்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்டால் இன்னொன்றைக் காட்டி இரண்டையும் செய்யாமல் விடுவதைத்தான் இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். மைதானத்தில் ஆடுகிற பிள்ளைக்கு, இந்த ஊரிலிருந்தே ஒருவர் ஒலிம்பிக்குக்குப் போய் ஹங்கேரிக்குக் கோல் போட்டார் என்று தெரிய வேண்டாமா? பாடப் புத்தகத்தில் அவர் இல்லை. தொலைக்காட்சியில் காட்ட அந்த ஆட்டங்களின் படச்சுருளும் அதிகம் இல்லை. அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வார்கள்?

இன்னொரு கேள்வியும் வரும், அவர் தமிழரா, தெலுங்கரா, வங்காளியா என்று. ஆடிய காலத்தில் ஹைதராபாத்துக்கும் சந்தோஷ் டிராபி வாங்கிக் கொடுத்தார், வங்காளத்துக்கும் வாங்கிக் கொடுத்தார். யாரும் கொடுத்த கோலைத் திருப்பி அனுப்பவில்லை.

கல்வெட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், தலைமை தாங்கியவர் பெயரெல்லாம் பொன்னெழுத்தில் இருக்கும், சிலையில் இருப்பவர் என்ன செய்தார் என்பது மட்டும் இருக்காது. பழைய நடுகல்லில் வீரனின் பெயரையும் அவன் செய்த செயலையும் செதுக்கினார்கள். அது போதும். துளசிதாஸ் பாலராம். மெல்போர்ன் 1956, ரோம் 1960, ஜகார்த்தா 1962. இங்கிருந்து சைக்கிளில் போனவர். தெலுங்கில், உருதுவில், தமிழில், வங்காளத்தில் எழுதுங்கள். ரஹீம் சாகிப் பெயரும் இருக்கட்டும், சைக்கிள் வாடகை அவர் கொடுத்தது.

உயரமான பீடம் வேண்டாம், சுற்றிலும் கம்பி வேலியும் வேண்டாம். தரையிலேயே வையுங்கள், பள்ளி விட்டு வருகிற பிள்ளைகள் ஹேண்டில்பாரைத் தொட்டுப் பார்க்கிற உயரத்தில். பக்கத்தில் இன்னொரு சைக்கிள் நிறுத்த இடமும் விட்டு வையுங்கள்.