கை தட்டினீர்களே, அதைத்தான் கேட்கிறேன்

ஞாயிற்றுக்கிழமை மேடைப் பேச்சைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் மூன்று நாளாக அடக்கிக்கொண்டிருந்தேன். அந்தக் காணொளி எனக்கே பதினொரு முறை வந்துவிட்டது. நாட்டைச் சாமியார்கள் கையில் கொடுத்தால் ஊழலே இருக்காதாம். பேசியவரை விடுங்கள், அவருக்கு அதுதான் தொழில். நீங்கள் எதற்கு ஐயா கை தட்டினீர்கள்?

2001-இல் அப்போதைய பிரதமர் மகாதீர் மலேசியா இஸ்லாமிய நாடு என்று சொன்னபோது கொதித்தவர்கள் நீங்கள். தாயின் சம்மதமில்லாமல் பிள்ளைகளை மதம் மாற்றியது செல்லாது என்று 2018-இல் இந்திரா காந்தி என்ற மலேசியத் தாயின் வழக்கில் தீர்ப்பு வந்தபோது கண் கலங்கியவர்களும் நீங்கள்தான். அன்றைக்கு அரசியலமைப்புச் சட்டம் வேண்டியிருந்தது. இன்றைக்குச் சாமியார் போதுமா?

தியோகிராசி, அதாவது மத ஆட்சி, என்ற சொல்லை முதல் நூற்றாண்டில் எழுதிவைத்த யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் அதைப் பெருமையாகத்தான் சொன்னார்: எங்களை ஆள்பவர் கடவுள் என்று. சரி, கடவுள் வந்து நாற்காலியில் உட்காரப்போகிறாரா? அவர் பேரைச் சொல்லி எவரோ ஒருவர்தான் உட்காருவார். அப்புறம் அவரைக் கேள்வி கேட்டால் கடவுளையே கேட்டதாகிவிடும். ஈரானில் தேர்தல் நடக்காமலா இருக்கிறது? நடக்கிறது. ஆனால் யார் நிற்கலாம் என்பதை 12 பேர் கொண்ட காவலர் மன்றம் முடிவு செய்கிறது. அதில் 6 மதகுருமார்களை உச்சத் தலைவரே நியமிக்கிறார். அவர்கள் உங்கள் பேரை அடித்துவிட்டால் நீங்கள் எங்கே போய் முறையிடுவீர்கள்?

"வாத்திகன் நன்றாகத்தானே இருக்கிறது?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அங்கே இருப்பதே சில நூறு பேர். பிடிக்காதவன் சாலையைத் தாண்டினால் இத்தாலி. நாம் எங்கே தாண்டுவது, தம்பி?

"இங்கே மட்டும் என்ன வாழ்கிறது, இதுவும் மத ஆட்சிதானே" என்பவர்களுக்கு: மலேசிய அரசியலமைப்பின் 3-வது பிரிவு இஸ்லாம் கூட்டரசின் மதம் என்கிறது, 4-வது பிரிவு அரசியலமைப்பே உச்ச சட்டம் என்கிறது. இரண்டையும் படியுங்கள். குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் வழக்குப் போட ஒரு படி இருக்கிறது.

நான் நாத்திகன் இல்லை. இந்தத் தைப்பூசத்துக்கும் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்தவன்.

"நம் மதம் அப்படிப்பட்டதில்லை" என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். பட்டர்வொர்த்தில் நாங்கள் இருந்த குடியிருப்புத் தாமானில் கோயில் திருப்பணிக்கு வீடு வீடாக ரசீதுப் புத்தகத்தோடு அலைந்தவர் என் அப்பா. வேலை முடிந்து வந்து, சாப்பிடாமல்கூடப் போவார். ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்டார். குற்றம் சாட்டவில்லை, கணக்குத்தான் கேட்டார். தலைவர் சிரித்துக்கொண்டே, "கணக்கு அம்பாளுக்குத் தெரியும். அம்பாளையே சந்தேகப்படுகிறீர்களா?" என்றார்.

மண்டபமே கை தட்டியது.

கோயில் கணக்கும் நாட்டு ஆட்சியும் ஒன்றா என்பீர்கள். ஒன்றில்லைதான். ஆனால் அப்பா தலையைக் குனிந்து உட்கார்ந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் அந்தக் கோயில் வாசலை மிதிக்கவில்லை. அவர் இறந்தபோது நிர்வாகத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காணொளியில் அந்தக் கைத்தட்டலைக் கேட்டதும் போனை அணைத்துவிட்டேன்.

ரசீது அடிக்கட்டைகள் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கின்றன. எல்லாம் அப்பா கையெழுத்து. கணக்குத்தான் இன்னும் வரவில்லை.