காலேஜ் மேட்ச்ல பீர் விக்கட்டும், ஆனா ஹாஃப்டைம்ல கேட்டை மூடுங்க

இங்க அமெரிக்கால காலேஜ் ஃபுட்பால் சீசன் ஆரம்பிச்சாலே (நம்ம ஊரு கால்பந்து இல்லங்க, ஹெல்மெட் மாட்டிக்கிட்டு முட்டி மோதுற ஆட்டம்) தமிழ் பெத்தவங்க வாட்ஸப் குரூப்ல இந்தச் சண்டை வந்துடுது. படிக்கிற பசங்க உக்காந்து பாக்குற மேட்ச்ல பீர் விக்கிறது என்ன நியாயம்னு. என் கருத்தைச் சொல்லிடறேன். விக்கலாம். ஆனா நடுவுல வெளிய போனவங்களத் திரும்ப உள்ள விடக்கூடாது. ரெண்டும் சேந்து நடந்தாதான் பிரயோஜனம்.

ஏன்னா பசங்க குடிக்கிறது ஸ்டேடியத்துல இல்ல, பார்க்கிங் லாட்ல. மதியம் 12 மணி மேட்ச்னா காலைலயே வண்டியப் போட்டு டிக்கியத் தொறந்து வச்சுடுவாங்க, ஒரு பக்கம் கிரில்ல பர்கர் வேகும், கூலர் நெறைய ஐஸும் கேனும், மடக்கு டேபிள்ல சிவப்பு கப்பை அடுக்கிப் பந்து போட்டுக் குடிக்கிற விளையாட்டு வேற. சட்டப்படி 21 வயசு ஆகணும், ஆனா அங்க ஐடி கேக்க யாரு இருக்கா? உள்ள போனா ஒரு சொட்டு கிடைக்காதுன்னு தெரிஞ்ச புள்ளைங்க ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அவசர அவசரமா விஸ்கிய ஊத்திக்கிட்டு, பூட்ஸுக்குள்ள ஒரு குட்டி பாட்டிலச் சொருகிக்கிட்டுப் போகுதுங்க. ஹாஃப்டைம் வெறும் 20 நிமிஷம், அதுக்குள்ள காருக்கு ஓடி மடமடன்னு அடிச்சுட்டு திரும்ப ஓடி வரணும். ஆளை ஆம்புலன்ஸ்ல ஏத்துறது இந்த அவசரக் குடிதான். கவுன்ட்டர்ல லைன்ல நின்னு காசு கொடுத்து வாங்குற ஒரு கப் பீர் இல்ல.

வெஸ்ட் வர்ஜீனியா யூனிவர்சிட்டி 2011ல இதத்தான் செஞ்சுது. அப்ப அங்க அத்லெடிக் டைரக்டரா (விளையாட்டுத் துறைக்குத் தலைவர்) இருந்தவர் ஆலிவர் லக். உள்ள பீர் விக்க ஆரம்பிச்ச கையோட, ஹாஃப்டைம்ல வெளிய போயிட்டு வர்ற வழக்கத்தையும் நிறுத்துனாரு. அந்த சீசன்லயே போலீஸ் கேஸ் குறைஞ்சுது.

இதுக்கு நேர் எதிரான உதாரணமும் இருக்கு, அத மறைச்சுட்டுப் பேசக்கூடாது. கொலராடோ யூனிவர்சிட்டியோட ஃபோல்சம் ஃபீல்டு ஸ்டேடியத்துல 1996ல பீரை நிறுத்துனதும் அடிதடி, கைது, வெளிய தூக்கிப் போடறது எல்லாமே நல்லா குறைஞ்சுதுன்னு ஆய்வே வந்துச்சு (2014ல திரும்பக் கொண்டு வந்துட்டாங்க, அது வேற கதை). அதனால வித்தா எல்லாம் தானா சரியாயிடும்னு நான் சொல்லவே மாட்டேன். எப்படி விக்கிறோம்ங்கறதுதான் விஷயமே.

2019ல எஸ்இசி கான்ஃபரன்ஸ் (தெற்குப் பக்கத்து யூனிவர்சிட்டிகள் சேந்து ஆடுற கூட்டமைப்பு) ஸ்டேடியத்துல மது விக்கறதுக்கு இருந்த தடையை எடுத்தப்ப போட்ட ரூல்ஸ் எனக்குப் பிடிச்சிருந்துது. பீரும் ஒயினும் மட்டும், ஒரு தடவைக்கு ரெண்டுக்கு மேல கிடையாது, ஒவ்வொரு தடவையும் ஐடி காட்டணும், சீட்டுக்குக் கொண்டு வந்து விக்கக்கூடாது, ஆட்டத்தோட நாலு பகுதில மூணாவது முடிஞ்சா விற்பனை க்ளோஸ். அப்படியும் 2021ல அதே எஸ்இசில இருக்குற டென்னசி யூனிவர்சிட்டி ஸ்டேடியத்துல ஓல் மிஸ் (மிசிசிப்பி யூனிவர்சிட்டி டீம்) மேட்சப்ப கூட்டம் கிரவுண்டுக்குள்ள பாட்டில், கோல்ஃப் பந்துன்னு எறிஞ்சு ஆட்டமே நின்னு போச்சு, 2,50,000 டாலர் ஃபைன். ரூல் பேப்பர்ல இருந்தா மட்டும் பத்தாது, கேலரில நின்னு பாக்குறதுக்கு ஆளும் வேணும்.

அந்த ஆளுக்கான சம்பளம் பீர் காசுலேர்ந்துதான் வரணும். ஒஹாயோ ஸ்டேட் யூனிவர்சிட்டி 2016ல ஸ்டேடியம் முழுக்க விக்க ஆரம்பிச்சப்ப வந்த காசுல கேம்பஸுக்குக் கூடுதல் போலீஸ் போடுறோம்னு முன்னாடியே அறிவிச்சாங்க. அது முறை. மொத்தத்தையும் கோச் சம்பளத்துலயும் புது ஸ்கோர்போர்டுலயும் கொட்டுனா எனக்குக் கோவம்தான் வரும்.

உங்க புள்ளைங்க படிக்கிற காலேஜ்லயும் பீர் விக்கிறாங்கன்னா குரூப்ல திட்டிட்டு விட்டுடாதீங்க. ஹாஃப்டைம்ல வெளிய போனவங்கள உள்ள விடறீங்களா, பீர் காசு எங்க போகுதுன்னு அத்லெடிக் டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு மெயில் போடுங்க.