வோல்டமார்ட் தூய ரத்தக்காரன் இல்லைங்க

மேலே ஈரோட்டு அண்ணா போட்ட கருத்தில், ஹாரி பாட்டர் கதையின் வில்லன் வோல்டமார்ட் தூய ரத்த மந்திரவாதிக் குடும்பத்தில் பிறந்தவன், அந்தப் பெருமையில்தான் மற்றவர்களை வெறுக்கிறான் என்று இருக்கிறது. நான்கைந்து பேர் அதையே பகிர்ந்திருப்பதால் சொல்கிறேன், தப்பாக நினைக்காதீங்க அண்ணா.

அவன் கலப்பு ரத்தம். தாய் மெரோப் காண்ட், ஹாரி படிக்கும் மந்திரப் பள்ளியை நிறுவிய நால்வரில் ஒருவரான ஸ்லிதரின் வழிவந்த மந்திரவாதிக் குடும்பம். தந்தை டாம் ரிடில், மந்திரம் அறியாத சாதாரண மனிதர். பிள்ளை பிறக்கும் முன்பே அவர் மனைவியை விட்டுப் போய்விட்டார். பிரசவமான சற்று நேரத்தில் தாயும் இறந்துபோக, அவன் லண்டன் அனாதை இல்லத்தில் வளர்ந்தான். அவனுக்கு அப்பாவின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். அதைச் சுமக்கப் பிடிக்காமல், டாம் மார்வோலோ ரிடில் என்ற தன் பெயரின் எழுத்துகளை மாற்றிப் போட்டு வோல்டமார்ட் என்ற புதுப் பெயர் உண்டாக்கிக்கொண்டான். அப்புறம் தந்தையையே கொன்றான். தனக்குள் ஓடும் பாதி ரத்தத்தின் மீதே அவனுக்கு அவ்வளவு அருவருப்பு. 'நீங்க எந்தக் கூட்டம்?' என்று குலம் கேட்டே பழகிய நம் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் வளர்ந்த எனக்கு, கதையில் மனதை உலுக்கிய இடம் இதுதான்.

சரிபார்ப்பது சுலபம். இரண்டாம் புத்தகம், 17ஆம் அத்தியாயத்தில் அவனே ஹாரியிடம் சொல்கிறான். தாய்வீட்டுக் கதை ஆறாம் புத்தகம், 10ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. அந்தப் பகுதி படத்தில் வரவில்லை, அதனால் புத்தகத்தைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.