எரிமலை வெடித்தது சரி, கவுன்ட்டரில் ஆள் எங்கே?

எரிமலை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "இயற்கையோட மல்லுக்கட்ட முடியுமா" என்று நாலு பேர் கிளம்பி வருவார்கள்.

2024 நவம்பர் 13, பாலியின் டென்பசார் விமான நிலையம். நானும் அம்மாவும் ஊர் திரும்ப வேண்டிய நாள். காலையில் செல்போனுக்கு ஒரு வரி வந்தது: விமானம் தாமதம். பதினொரு மணிக்கு மறுபடி தாமதம். மதியம் பலகையில் ரத்து என்று சிவப்பாகப் போட்டுவிட்டார்கள், செல்போனில் மட்டும் இன்னும் தாமதம்தான். கவுன்ட்டருக்கு ஓடினால் ஆளே இல்லை. கண்ணாடியில் செல்லோடேப் போட்டு ஒரு தாள், அதில் ஒரு க்யூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் என் கையில் ஏற்கெனவே இருக்கிற அதே ஆப் திறக்கிறது. ஆப்பில் கேட்டால் கால் சென்டர் எண்ணைத் தருகிறது. கால் சென்டருக்கு அடித்தால் "எங்கள் ஆப்பைப் பயன்படுத்துங்கள்" என்று ஒரு குரல். செக்குமாட்டுக்காவது நடுவில் தண்ணீர் காட்டுவார்கள்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் வேறு, "வானம் பளிச்சுனு இருக்கு, வேணும்னே கேன்சல் பண்றானுங்க" என்று ஆரம்பித்தார். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஐயா, மலை இருப்பது ஃப்ளோரஸ் தீவில். லெவோடோபி லகி-லகி என்று பெயர். இங்கிருந்து சுமார் 800 கிலோமீட்டர். அந்த மாதத் தொடக்கத்தில்தான் அது அடிவாரக் கிராமங்களில் உயிர்களைக் குடித்திருந்தது. அது கக்கிய சாம்பலைக் காற்று மேலே, விமானம் பறக்கிற உயரத்தில் தள்ளிக்கொண்டு வருகிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் என்ன தெரியும்? விமானத்து ரேடாருக்கே மழைத்துளிதான் தெரியும், இந்தத் தூள் தெரியாது. நம் அடுப்புச் சாம்பலும் இல்லை அது. பாறையும் கண்ணாடியும் பொடியானது. ஜெட் இன்ஜினின் சூட்டில் உருகி, டர்பைன் பிளேடுகளில் போய்க் கண்ணாடியாக இறுகும். இன்ஜின் மூச்சுமுட்டி நின்றுவிடும்.

நின்றும் இருக்கிறது, இதே இந்தோனேசியாவில். 1982 ஜூன் 24 இரவு, ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் தெரியாமல் நுழைந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747-இன் நான்கு இன்ஜின்களும் அடுத்தடுத்து அணைந்தன. உள்ளே 263 பேர். 37,000 அடியிலிருந்து சரிந்து இறங்கி, ஒருவழியாக இன்ஜின்கள் உயிர்பெற்று, மணல் தேய்த்தது போல மங்கிப்போன கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து ஜகார்த்தாவில் தரையிறக்கினார்கள். தலைமை விமானி எரிக் மூடி நடுவானில் மைக்கை எடுத்துப் பயணிகளிடம் விஷயத்தைச் சொன்னார்: ஒரு சின்னப் பிரச்சினை, நான்கு இன்ஜினும் நின்றுவிட்டன, மறுபடி ஓடவைக்கப் பாடுபடுகிறோம். கீழே இறங்கிக்கொண்டே இருக்கிற விமானத்தில் அந்த மனிதருக்கு உண்மையைச் சொல்ல நேரம் இருந்தது. ஏசி ஹாலில், கெட்டித் தரையில் நின்றுகொண்டு, "இன்னைக்குப் போகாதுங்க, ரூம் பார்த்துக்கோங்க" என்று சொல்ல உங்களுக்கு ஒரு ஆள் கிடைக்கவில்லையா?

2010-இல் ஐஸ்லாந்தில் எய்யாஃப்யாட்லயோகுட்ல் வெடித்தபோது (சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கும்) ஐரோப்பாவில் ஏறக்குறைய ஒரு லட்சம் விமானங்கள் ரத்தாயின. அப்போது "இது வீண் பயம்" என்று அதிகம் கூச்சல் போட்டதே விமான நிறுவனங்கள்தான். துளி சாம்பல் இருந்தாலும் பறக்காதே என்றிருந்த விதி, இவ்வளவு வரை பறக்கலாம் என்று தளர்ந்தது. மறு ஆண்டே, அந்தச் சாம்பல் கூர்மையானது, மூடியது சரிதான் என்று ஆய்வு வந்தது. அது கிடக்கட்டும். எனக்கு வயிறு எரிவது இன்னொன்றில்: அப்போது மாட்டிய ஒரு பயணி வழக்குப் போட்டு, எரிமலையே வெடித்தாலும் சாப்பாடும் தங்குமிடமும் நிறுவனம்தான் தரவேண்டும் என்று 2013-இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினார். அந்தச் சட்டம் பாலிக்கு வராது, தெரியும். ஒரு பாட்டில் தண்ணீர் கொடுக்கவுமா சட்டம் வேண்டும்?

அம்மாவின் பிரஷர் மாத்திரை அட்டையில் மிச்சம் இரண்டு. அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே, "எங்கேயோ மலை எரியறதுக்கு நாம ஏண்டி இங்க தரையில உட்கார்ந்திருக்கோம்?" என்றாள். இன்ஜின், கண்ணாடி எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பப் பறக்காம இருக்கறதுதான் நல்லது. அதை அவன் வந்து சொன்னா என்னவாம்?" என்றாள்.

மூன்றாம் நாள் ஊர் வந்து சேர்ந்தோம், வேறு டிக்கெட் எடுத்து. பணத்தைத் திரும்பக் கேட்டு மெயில் போட்டேன். முன்பதிவு எண் கேட்டார்கள், கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து, வேறு பெயரில் ஒருவர், முன்பதிவு எண் கேட்டார். கொடுத்தேன். நேற்று மூன்றாமவர் எழுதியிருக்கிறார்.

எண் கேட்கிறார்.